விட்டுப்போன ஒரு வகுத்தல்

அவனை எல்லாரும் முப்பத்தொன்பது என்றுதான் கூப்பிட்டோம். வயதைச் சொல்லவில்லை, வில்லையைச் சொல்கிறேன். பாட்டில் கம்பெனியில் ஆளுக்கொரு எண் போட்ட பித்தளை வில்லை உண்டு. அவனுடையது எழுநூற்று முப்பத்தொன்பது. நாக்குக்குச் சோம்பல் வந்து எழுநூறு உதிர்ந்துவிட்டது. வருகைப் பதிவேட்டில் அவனுக்கு வேறு ஒரு பேர் இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவனே கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் திரும்புவான்.

பேக்கிங் பிரிவில் பெல்ட்டுக்கு அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் நான். இருபத்திரண்டு வருஷம். அவன் பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்து, எண்ணி, என் பக்கம் தள்ளுவான். நான் பெட்டியில் அடுக்குவேன். ஒரு அச்சில் ஒரு ஓட்டத்துக்கு வார்ப்பது இரண்டாயிரத்துப் பதினேழு பாட்டில். கூடவே வரும் அட்டையிலும் அந்த எண்ணைத்தான் அச்சடித்திருப்பார்கள். பெட்டிக்கு இருபத்துநாலு வீதம் எண்பத்து நாலு பெட்டி. ஒன்று மிஞ்சும். அது சோதனை அறைக்குப் போகும். அங்கே அதை அழுத்தி, எத்தனை பாரத்துக்கு உடைகிறது என்று எழுதி வைத்துக்கொண்டு, குப்பையில் கொட்டிவிடுவார்கள். எங்களுக்கு அந்த ஒன்று கணக்கிலேயே கிடையாது. "ரெண்டாயிரத்துப் பதினேழு" என்று யாராவது வாயைத் திறந்தால் "எம்பத்து நாலு" என்று எங்கள் வாய் தானாகச் சொல்லும். இதைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

நான் ஐந்தாவதோடு நின்றவன். அவன் எட்டாவது வரை போனவன். அந்த எட்டாவதில் பகா எண் என்று ஒன்று சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். மற்ற பிள்ளைகள் பரீட்சை முடிந்ததும் மறந்து தொலைத்ததை இவன் மட்டும் மறக்கவில்லை.

ஒருநாள் பெல்ட் அறுந்து மதியம் முழுக்கச் சும்மா நின்றோம். பழுது என்று ஒதுக்கிய பாட்டில்களில் எழுபத்து மூன்றை எடுத்துத் தரையில் அடுக்க ஆரம்பித்தான். இரண்டு வரிசையாக வைத்தான், ஒன்று மிச்சம். மூன்றாக வைத்தான், ஒன்று மிச்சம். நான்கு, ஐந்து, ஆறு, ஏழு, எட்டு. ஒவ்வொரு தடவையும் ஏதாவது ஒன்றோ மூன்றோ கோணலாக வெளியே நின்றது. எட்டோடு கையைத் தட்டிவிட்டு எழுந்துவிட்டான். ஒன்பது வைக்கவில்லையே என்று கேட்டேன். வேண்டாம் என்றான். ஒன்பது ஒன்பது எண்பத்தொன்று, அது எழுபத்து மூன்றைத் தாண்டிவிட்டது. ஒரு கட்டத்துக்கு இரண்டு பக்கம் இருந்தால் அதில் ஒன்று சின்னப் பக்கமாகத்தானே இருக்க வேண்டும், சின்னப் பக்கம் எல்லாவற்றையும் பார்த்தாயிற்று, இனி ஒரே நீள வரிசையாக நிற்பதைத் தவிர இதற்கு வேறு வழி கிடையாது என்றான். எனக்கே புரிந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிறகு வில்லையைக் காட்டினான். எழுபத்து மூன்றுக்குப் பின்னால் ஒரு ஒன்பது. அதுவும் எதற்கும் வகுபடாதாம். வாலை வெட்டினால் எழுபத்து மூன்று, அதுவும் வகுபடாது. இன்னும் வெட்டினால் ஏழு, அதுவும் அப்படியே.

"தனியா நிக்கிறதுல உனக்கு என்னய்யா அவ்வளவு பெருமை?" என்று கேட்டேன்.

பாட்டில்களைப் பொறுக்கிக் கூடையில் போட்டான். கேட்டிருக்கக் கூடாதுதான். அவன் பெண்டாட்டி இரண்டாம் வருஷமே அம்மா வீட்டுக்குப் போனவள், திரும்பி வரவில்லை. சண்டையா சச்சரவா ஒன்றும் தெரியாது. அவன் சொன்னதில்லை, நானும் தோண்டவில்லை. சைக்கிள் கடைக்கு மேலே ஒரு அறை. கட்டில், நாற்காலி, ஸ்டவ், இரண்டு டம்ளர். ஒரு டம்ளர் எப்போதும் கவிழ்த்தே இருக்கும். ஞாயிற்றுக்கிழமை நான் போனால் அதை நிமிர்த்தித் துடைத்து எனக்கு டீ ஊற்றுவான். நான் கிளம்பிய பிறகு மறுபடி கவிழ்த்து வைத்துவிடுவான்போல. அடுத்த வாரம் அதன் அடியில் ஒரு தூசி வட்டம் இருக்கும்.

அந்த அறைச் சுவரில் பழைய காலண்டர் தாளைத் திருப்பி ஒட்டி ஒரு வம்சாவளி போட்டிருந்தான். மனுஷ வம்சாவளி இல்லை. மேலே ஏழு. அதன் கீழே எழுபத்து மூன்று. அதன் கீழே அவன் வில்லை. எழுநூற்று முப்பத்தொன்பதுக்குப் பின்னால் ஒரு இலக்கம் சேர்த்தால் வகுபடாமல் நிற்பது ஒன்றே ஒன்றுதான்: மூன்று சேர்த்தது, 7393. அதற்கும் ஒரே பிள்ளை, 73939. இந்தப் பிள்ளைக்குத்தான் குடும்பம் பெருகியது. ஒன்று, மூன்று, ஏழு, ஒன்பது என்று எதைச் சேர்த்தாலும் நின்றது, நாலு பிள்ளை. அதில் ஏழும் ஒன்பதும் வாரிசில்லாமல் போய்விட்டன. மூன்றுக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்து, அந்த இரண்டோடு அந்தக் கிளை முடிந்தது. ஒன்றுக்கு ஒரு பிள்ளை, 7393913. அதுவரை அவன் வகுத்துப் பார்த்து உறுதி செய்துவிட்டான். அதற்கும் கீழே பென்சிலால் ஒரு எண் எழுதி வட்டம் போட்டிருந்தான்.

73939133.

அது நிற்குமா என்று தெரியவில்லை. இரண்டு, மூன்று, ஐந்து, ஏழு, பதினொன்று எல்லாம் தோற்றுவிட்டன. ஆனால் எட்டாயிரத்து ஐநூற்றுச் சொச்சம் வரை பார்த்தாக வேண்டும். எல்லா எண்ணாலும் வகுக்க வேண்டியதில்லை. மூன்றால் போகவில்லை என்றால் ஒன்பதால் எங்கே போகும்? பகா எண்களால் மட்டும் வகுத்தால் போதும். அதற்கு முதலில் பகா எண் பட்டியல் வேண்டும். ஒரு நோட்டில் எண்களை வரிசையாக எழுதி, வேண்டாதவற்றைக் கோடு போட்டு அடித்து, மிஞ்சியதை எடுத்துக்கொண்டான். பட்டியலுக்கே இரண்டு மாசம்.

பிறகு வகுத்தல். வேலை முடிந்து வந்து இரண்டு, மூன்று. ஞாயிற்றுக்கிழமை ஏழு, எட்டு. நீள நோட்டில் வரிசை எண், வகுக்கும் எண், ஈவு, மீதி என்று நாலு கட்டம். மீதிக் கட்டத்தில் மட்டும் சிவப்பு மை. பூஜ்யம் வந்தால் கதை முடிந்தது, அவ்வளவுதான்.

இந்த விஷயத்தில் நான் ஒரு தப்பு செய்தேன். டெஸ்பாட்ச் ஆபீஸில் கம்ப்யூட்டர் பார்க்கும் அம்மாவிடம் வாய் சும்மா இருக்காமல் சொல்லிவிட்டேன். அட்டை வாங்க நாங்கள் இரண்டு பேரும் போயிருந்தபோது அந்த அம்மா எட்டு இலக்கத்தையும் தட்டி, திரையைப் பார்த்துவிட்டு எங்கள் பக்கம் திரும்பினார். இவன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டான். போய், கதவுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு சொன்னான்:

"சொல்லிராதீங்கம்மா. நீங்க சொல்லிட்டா அது உங்களோடதாயிரும்."

அந்த அம்மா நல்ல மனுஷி. வாயை மூடிக்கொண்டார். அதற்குப் பிறகு அவனைப் பார்க்கும்போதெல்லாம் ஒரு சிரிப்பு சிரிப்பார். அந்தச் சிரிப்பிலிருந்து ஏதாவது தெரியுமா என்று நானும் பார்த்தேன். எல்லாருக்கும் அதே சிரிப்புதான். என்னோடு அவன் நாலு நாள் பேசவில்லை. பெல்ட்டுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு நாலு நாள் பேசாமலிருப்பது லேசான காரியமில்லை.

இதற்கிடையில் கண். பேக்கிங்குக்கு வருமுன் பன்னிரண்டு வருஷம் உலை வாயில் நின்றவன். அந்தக் கொதிப்பு கண்ணில் இறங்கிவிட்டது. வலது கண் முன்பே போய்விட்டது. இடது கண்ணிலும் மேகம் ஏறிக்கொண்டிருந்தது. ஆபரேஷன் செய்தாக வேண்டும், செய்தாலும் பார்வை வரும் வராது என்று சொல்ல முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இவன் இரண்டு வாரம் தவணை கேட்டிருக்கிறான். எதற்கென்று டாக்டர் கேட்டாராம். இன்னும் நாற்பது வகுத்தல் இருக்கிறது என்றானாம். டாக்டர் நர்ஸைப் பார்த்தாராம், நர்ஸ் டாக்டரைப் பார்த்தாராம்.

கடைசி ஞாயிற்றுக்கிழமை காலையில் என்னை வரச் சொல்லியிருந்தான். எழுத்து ஒவ்வொன்றும் கட்டை விரல் பெரிசுக்கு இருந்தது. அப்படியும் அவனுக்குத் தெரியவில்லை. நான் வாசிக்க வாசிக்க அவன் போட்டான். வகுக்கும் எண் 8597. ஈவு கச்சிதமாக எட்டாயிரத்து அறுநூறு வந்தது. அவ்வளவு முழுசாக வந்ததும் மீதி பூஜ்யமாகிவிடுமோ என்று எனக்குப் பயம். மீதி நாலாயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து மூன்று. சிவப்பு மையால் எழுதினான். அடுத்த பகா எண் 8599. அதை அதனாலேயே பெருக்கினால் நம் எண்ணைத் தாண்டிவிடுகிறது. தேவையில்லை.

வரிசை எண் கட்டத்தில் 1069 என்று இருந்தது.

"அவ்வளவுதானா?" என்றேன்.

"அவ்வளவுதான்."

"இனிமே யாராலயும்?"

"யாராலயும்."

பென்சில் வட்டத்தைத் தடவிக் கண்டுபிடித்து, அதன் மேலேயே பேனாவால் ஒரு வட்டம் போட்டான். கொஞ்சம் விலகித்தான் விழுந்தது. பிறகு டீ போட்டான். ஒரு வருஷமும் இரண்டு மாசமும் உழைத்துக் கண்டுபிடித்த ஒரு காரியத்துக்கு வந்திருந்த கூட்டம் நான் ஒருத்தன். சர்க்கரை கம்மி என்றேன்.

ஆபரேஷன் ஆனது, வெளிச்சம் வரவில்லை. யாரையும் குறை சொல்வதற்கில்லை. வெளியூரிலிருந்து அவன் தங்கை வந்து கூட்டிக்கொண்டு போனாள். சைக்கிள் கடை மாடியைக் காலி செய்தோம். கட்டிலை வீட்டுக்காரரே எடுத்துக்கொண்டார். நோட்டுகள் என்னிடம் வந்தன. அவன் இனி வைத்துக்கொண்டு என்ன செய்வான்?

ஞாயிற்றுக்கிழமைதோறும் போன் பண்ணுவேன். ஆரம்பத்தில் கம்பெனிக் கதை கேட்பான். உன் இடத்தில் வந்திருப்பவன் காதில் எதையோ செருகிக்கொண்டு நாள் முழுக்கத் தலையாட்டுகிறான், எண்ணுகிறானா பாட்டுக் கேட்கிறானா தெரியவில்லை என்று சொன்னால் சிரிப்பான். பிறகு அதுவும் குறைந்தது. இருக்கியா என்று நான் கேட்பேன், இருக்கேன் என்பான். சாப்டியா என்பான், ஆச்சு என்பேன். அதற்குப் பிறகு இரண்டு பக்கமும் மூச்சுச் சத்தம்தான். ஒருநாள் அவனாகவே சொன்னான்:

"கண்ணு போனா போகுதுய்யா. அது நிக்குதுல்ல."

"நிக்குது" என்றேன்.

போனை வைத்த பிறகு வீடு எப்போதும்போல இருந்தது. என் பெண்டாட்டி போய் நாலு வருஷம். மகள் கல்யாணமாகி எங்கோ இருக்கிறாள், விசேஷத்துக்கு விசேஷம் பேசுவாள். பொழுது போகாமல் அவனுடைய நோட்டை எடுத்துப் பிரித்தேன். படிப்பதற்கு அதில் என்ன இருக்கிறது? சும்மா விரலை வைத்து இறங்கிக்கொண்டே வந்தேன். 1999, 2003, 2011, 2027.

விரல் நின்றது. இரண்டாயிரத்துப் பதினேழு எங்கே?

வருஷக்கணக்காகத் தினமும் பார்த்த எண். கூட்டத்தில் சொந்தக்காரனைத் தேடுகிற மாதிரி கண் தேடியது, காணோம். உடனே எனக்கே சிரிப்பு வந்தது. அதுதான் எண்பத்து நாலு பெட்டிக்கு அடங்கிப் போகிற எண்ணாயிற்றே, பகா எண் பட்டியலில் எப்படி வரும் என்று நோட்டை மூடிவிட்டேன்.

டம்ளர் கழுவும்போதுதான் உறைத்தது. எண்பத்து நாலு பெட்டியில் அடங்குவது இரண்டாயிரத்துப் பதினாறு. சோதனை அறைக்குப் போகிறதே ஒரு பாட்டில்?

ஈரக் கையோடு வந்து பட்டியல் நோட்டைத் தேடினேன், எண்களை வரிசையாக எழுதி அடித்தானே, அந்த நோட்டு. 2017 இருந்தது. நீல மையால் ஒரு கோடு. பக்கத்தில் சின்னதாக 84 என்று எழுதியிருந்தான். உட்கார்ந்து வகுத்து அடித்ததில்லை அது. வேலை ஆரம்பிக்குமுன், தெரிந்ததையெல்லாம் முதலிலேயே கழித்துவிடலாம் என்று அடித்த கோடு. அவன் கை அடிக்கவில்லை, பேக்கிங் கை அடித்திருக்கிறது. நானாக இருந்தாலும் அதையேதான் செய்திருப்பேன்.

அன்றைக்கே 2017-ஐ வகுத்துப் பார்த்தேன். இரண்டிலிருந்து நாற்பத்து மூன்று வரை பதினாலு பகா எண்கள். நான் வகுத்தல் போட்டு நாற்பது வருஷம் ஆகிறது, வேர்த்துவிட்டது. எதற்கும் போகவில்லை. சுத்தமான பகா எண். ஆக, அவன் போட்டது ஆயிரத்து அறுபத்தொன்பது. போட்டிருக்க வேண்டியது ஆயிரத்து எழுபது.

இனி அந்த ஒன்றைப் போட வேண்டும். அங்கேதான் எனக்குக் கை வரவில்லை. போட்டு, மீதி பூஜ்யம் வந்துவிட்டால்? குருட்டு மனுஷனிடம் போய், உன் எண் இரண்டாக உடைந்துவிட்டது, உடைத்தது நம்ம அட்டை எண்தான் என்று சொல்வதா? சொல்லாமல் ஒவ்வொரு வாரமும் 'நிக்குது' என்று பொய் சொல்வதா?

திங்கட்கிழமை டெஸ்பாட்ச் ஆபீஸ் வாசலில் போய் நின்றேன். அந்த அம்மாவுக்கு விடை தெரியும். ஒரு வார்த்தை கேட்டால் போதும்.

"என்ன, உங்க ஆளு எண்ணப் பத்தியா?" என்றார், அதே சிரிப்போடு.

"இல்லம்மா. அட்டைக்கு வந்தேன்" என்றேன். வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். கேட்டிருந்தால் அவன் காதைப் பொத்தியதற்கு அர்த்தமில்லாமல் போயிருக்கும்.

செவ்வாய்க்கிழமை ஷிப்ட் முடிந்து கேன்டீன் மூலையில் உட்கார்ந்து, ஒரு அட்டையின் பின்பக்கத்தில் போட்டேன். 73939133, இரண்டாயிரத்துப் பதினேழால். முதல் தடவை ஏதோ ஒரு மீதி வந்தது, இரண்டாம் தடவை வேறொரு மீதி வந்தது. என் கழித்தல் அந்த லட்சணம். மூன்றாம் தடவை மெதுவாக, ஒவ்வொரு வரியையும் திரும்பக் கூட்டிப் பார்த்துப் போட்டேன். ஈவு 36657. மீதி 1964. நாலாம் தடவையும் அதுவே வந்தது. ஐந்தாம் தடவை ஈவைத் திருப்பிப் பெருக்கி மீதியைக் கூட்டினேன். எட்டு இலக்கமும் அச்சு மாறாமல் எழுந்து நின்றன.

கேன்டீனில் யாரும் இல்லை. மேசை துடைக்கிறவர் என் காலைத் தூக்கச் சொன்னார், தூக்கினேன்.

இதோடு விட்டிருக்கலாம். எண் நிற்கிறது, அவனும் நிம்மதியாக இருக்கிறான், நடுவில் ஒன்று விட்டுப்போனது எனக்கு மட்டும்தான் தெரியும். ஆனால் அந்த 'எனக்கு மட்டும்' என்பதுதான் உறுத்தியது. ஆயிரத்து அறுபத்தொன்பதை அவன் போட்டிருக்க, முடித்து வைக்கும் அந்த ஒன்றை நான் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தால் எண் யாருடையது? சனிக்கிழமை லீவு போட்டு பஸ் ஏறினேன். ஆறு மணி நேரம்.

தங்கை வீட்டில் பின்பக்க அறை அவனுக்கு. ஜன்னலோரம் நாற்காலி. இளைத்திருந்தான். தங்கை தண்ணீர் கொடுத்தாள், பிள்ளைகளுக்கு டியூஷன் என்று சொன்னாள், அண்ணனை நன்றாகத்தான் பார்த்துக்கொள்கிறோம் என்று நான் கேட்காமலே சொன்னாள். நன்றாகத்தான் பார்த்துக்கொள்கிறார்கள். சட்டை சுத்தமாக இருந்தது. ரேடியோ கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. அந்த வீட்டில் அவனுக்கு ஒரு குறையும் இல்லை, ஒரு வேலையும் இல்லை.

"என்னய்யா, சொல்லாம கொள்ளாம?" என்றான்.

பஸ்ஸில் எத்தனையோ விதமாக யோசித்து வைத்திருந்தேன். எல்லாம் போய்விட்டது.

"ஒண்ணு விட்டுப்போச்சு" என்றேன்.

"எது?"

"ரெண்டாயிரத்துப் பதினேழு."

"எம்பத்து நாலு" என்றது அவன் வாய். சொன்ன வாய் திறந்தபடியே நின்றது. நாற்காலிக் கையை ஒரு கை பிடித்தது, இன்னொரு கை எதையோ தேடுகிற மாதிரி மடியில் அலைந்தது. அவன் கண்ணைப் பார்த்து ஒன்றும் தெரிந்துகொள்ள முடியாது. கழுத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நரம்பு துடித்தது.

மடியில் அலைந்த கை நின்றதும் கேட்டான்.

"போட்டுப் பாத்தியா?"

"பாத்தேன்."

"சொல்லாத."

"சொல்லல."

"வெளிய போ. நீ மூச்சு விடுறதுலயே தெரிஞ்சிரும்."

வெளியே வந்து கதவைச் சாத்தினேன். நடையில் தங்கை நின்றிருந்தாள். என்ன ஆச்சு அண்ணே, எதாவது மனவருத்தமா என்று கேட்டாள். இல்லை தங்கச்சி, ஒரு கணக்கு என்றேன். அவளுக்கு அது ஒரு பதிலாகத் தெரியவில்லை, பாவம், அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

கதவுக்கு அந்தப் பக்கம் முணுமுணுப்பு கேட்டது. தாளில்லை, பேனாவில்லை, கண்ணில்லை. எட்டு இலக்கத்தையும் தலைக்குள் தூக்கி வைத்துக்கொண்டு கழிக்கிறான். முப்பத்தாறு என்று ஒரு தடவை கேட்டது. கொஞ்ச நேரத்தில் 'ச்சே' என்று ஒரு சத்தம். மறுபடி ஏழிலிருந்து ஆரம்பித்தான். மறுபடி தவறவிட்டான். எனக்கு விடை தெரியும், அது நிற்கிறது என்று தெரியும். அப்படியும் கதவை விட்டு நகரவில்லை. மனக்கணக்கில் ஒரு இலக்கம் நழுவி அவனுக்குப் பூஜ்யம் வந்துவிட்டால், கதவைத் திறக்குமுன் அந்த ஒரு நொடிக்காவது அவன் இரண்டு துண்டாகிவிடுவானே என்று இருந்தது.

நடையில் ஒரு கடிகாரம் இருந்தது. இருபத்தைந்து நிமிஷம்.

"ஏய்" என்று கூப்பிட்டான்.

உள்ளே போனேன். முகமெல்லாம் வேர்வை. தோளில் கிடந்த துண்டால் துடைத்துக்கொண்டிருந்தான்.

"அம்பத்து மூணு குறையுது" என்றான்.

நான் மனசுக்குள் கழித்துப் பார்த்தேன். மீதி 1964. இரண்டாயிரத்துப் பதினேழு ஆக இன்னும் ஐம்பத்து மூன்று.

"ஆமா" என்றேன்.

"ரெண்டு பெட்டியும் அஞ்சு பாட்டிலும் கூட இருந்திருந்தா போயிருக்கும்யா."

அவன் சிரித்தான். நானும் சிரித்தேன். கண் போனதிலிருந்து அன்றைக்குத்தான் அவன் சிரித்து நான் பார்த்தேன். சிரித்து ஓய்ந்தோம். அவனே சொன்னான், நோட்டில் முன்னூற்று ஆறாவது வரிக்குப் பக்கத்தில் இதை எழுதிவிடு, மீதியைச் சிவப்பில் எழுது, அதற்குக் கீழே வரிசை எண் எல்லாம் ஒன்று தள்ளிப்போகும், அத்தனையையும் மாற்று என்று. எழுநூற்று அறுபத்து நாலு வரி. எனக்கு மலைப்பாக இருந்தது. முகத்தைச் சுளித்தேன்; அவனுக்குத் தெரியவா போகிறது? ஆனால், "சுளிக்காத, மெதுவாப் போடு" என்றான்.

கடைசி பஸ்ஸுக்குக் கிளம்பும்போது தங்கை வாசல் வரை வந்தாள். மறுபடி எப்போது வருவீர்கள் என்று கேட்டாள். பார்க்கலாம் தங்கச்சி என்றேன். அவன் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தான், உதடு அசைந்துகொண்டிருந்தது. நான் கிளம்பியதை அவன் கவனித்தானா தெரியாது.

வரிசை எண்களை மாற்ற எனக்கு ஐந்து வாரம் பிடித்தது. பழைய எண்ணை ஒரு கோடு, மேலே புது எண். என் எழுத்து அவன் எழுத்துக்குப் பக்கத்தில் கோணலாகத்தான் இருக்கிறது. கடைசி வரியில் 1069-ஐ அடித்து 1070 எழுதிய அன்று போன் பண்ணிச் சொன்னேன். ம் என்றான். பிறகு, ஒன்றையும் ஏழையும் பார்த்தாயிற்று என்றான். எனக்குப் புரியவில்லை.

எட்டு இலக்கத்துக்குப் பின்னால் ஒன்பதாவதாக ஒன்று சேர்த்தால் நிற்குமா என்று பார்க்கிறானாம். ஒன்று சேர்த்தாலும் ஏழு சேர்த்தாலும் மூன்றால் போய்விடுகிறது, அது உடனே தெரிந்துவிட்டது. மூன்று சேர்த்தது பிடிவாதமாக நின்றது. நூற்று இருபத்தேழில் மாட்டிக்கொண்டது. ஒன்பது சேர்த்தது மட்டும் இன்னும் நிற்கிறது. வம்சத்தில் மிச்சமிருப்பது அது ஒன்றுதான். அதற்கு இருபத்தேழாயிரம் வரை பார்க்க வேண்டும், ஏறக்குறைய மூவாயிரம் வகுத்தல். அத்தனையும் தலைக்குள்.

"எதுவரைக்கும் வந்திருக்க?" என்று கேட்டேன்.

"முன்னூத்தி முப்பத்தேழு. நூத்தித் தொண்ணூத்தாறு மீதி."

நோட்டில் ஒரு புதுப் பக்கம் திருப்பி, வரிசை எண், வகுக்கும் எண், மீதி என்று கோடு போட்டேன். ஈவு அவனுக்கு ஞாபகமிருக்காது, கேட்கவில்லை. அவன் சொல்லச் சொல்ல, முதலிலிருந்து, எழுதிக்கொண்டேன். சிவப்புப் பேனா மட்டும் தீர்ந்துபோயிருந்தது. நீலத்திலேயே எழுதிவிட்டு அவனிடம் சொல்லவில்லை.